திறக்கப்படாத பாடநூல்

ஜூன் மாதத்தில் ஒருநாள் மாலை, எங்கள் தெருவில் துணி தேய்த்துக் கொடுக்கும் தொழிலாளியின் மகள் அறிவியலில் ஒரு சந்தேகம் கேட்பதற்காக என் வீட்டுக்கு வந்தாள். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் பொருளியல் ஆசிரியன். அறிவியல் எனக்குப் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட ஒன்று. "தெரிந்தவரை சொல்கிறேன், புத்தகத்தை எடு" என்றேன். பையிலிருந்து அவள் எடுத்தது தடித்த கையேடு ஒன்றை. வேறொரு பதிப்பகத்தின் கையேடும் பையில் இருந்தது. பாடநூல் எங்கே என்று கேட்டேன். "அது வீட்டில் இருக்கிறது, தாத்தா. பள்ளியில் கைடு வைத்துத்தான் நடத்துகிறார்கள்" என்றாள்.

ஒளிவிலகல் குறித்த ஸ்நெல் விதியை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். தண்ணீரில் பாதி மூழ்கிய குச்சி ஏன் வளைந்து தெரிகிறது என்று கேட்டதும் நின்றுவிட்டாள். அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வந்தேன். அதன் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, விளிம்பு மறைப்பதால் நாணயம் தெரியாத தூரத்தில் அவளை உட்காரச் சொன்னேன். மெல்லத் தண்ணீரை ஊற்றியபோது, மறைந்திருந்த நாணயம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் முகம் மலர்ந்தது. ஆனால், அடுத்து அவள் கேட்ட கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது: "இது பரீட்சையில் வருமா, தாத்தா?"

இக்கேள்விக்காக அவளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அங்கே எனக்கு ஒரு பொருளியல் புதிர் தெரிந்தது. பாடநூல் அவளுக்கு விலையின்றிக் கிடைத்தது. வல்லுநர்கள் எழுதி, பலர் சரிபார்த்து, வண்ணப் படங்களுடன் அச்சிடப்பட்ட நூல் அது. அதை வீட்டில் வைத்துவிட்டு, அதிலிருந்தே வினா–விடைகளாகச் சுருக்கப்பட்ட இரண்டு கையேடுகளுக்காக அவள் தந்தை தன் இரண்டு நாள் வருமானத்தைக் கொடுத்திருக்கிறார். இலவசமாகக் கிடைக்கும் மூலத்தை விட்டுவிட்டு, அதன் சுருக்கத்தை ஓர் ஏழைத் தொழிலாளி ஏன் விலை கொடுத்து வாங்குகிறார்? வியர்வை சிந்திச் சம்பாதிப்பவர் காசைக் கண்மூடித்தனமாகச் செலவிடுவதில்லை. அவர் அப்படிச் செய்கிறார் என்றால், அதற்குத் தக்க காரணம் இருந்தாக வேண்டும்.

பொதுவாகச் சந்தையில் பொருளைத் தேர்ந்தெடுப்பவரும், விலை கொடுப்பவரும், பயன்படுத்துபவரும் ஒருவராகவே இருப்பார். பள்ளிப் புத்தகச் சந்தையில் இம்மூவரும் வெவ்வேறு நபர்கள். தேர்ந்தெடுப்பது பள்ளி, பணம் கொடுப்பது பெற்றோர், படிப்பது குழந்தை. மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டைப் போன்றது இது. எழுதித் தருபவருக்கு விலை உறைப்பதில்லை. விலை கொடுப்பவருக்குத் தரம் தெரிவதில்லை. பயன்படுத்துபவருக்குக் குரல் இல்லை. இத்தகைய சந்தையில், படிப்பவரின் மனத்தைவிட, பரிந்துரைப்பவரின் மனத்தைக் கவரவே உற்பத்தியாளர் முயல்வார் என்பது பொருளியலின் பாலபாடம்.

பழைய கார்களை விற்கும் சந்தையைக் கொண்டு ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, மட்டமான பொருள்கள் நல்லவற்றைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்பது அதன் சாரம். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புத்தக விஷயத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. காரின் குறையாவது ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மகள் நல்ல மதிப்பெண் பெற்றால், அது ஆசிரியராலா, கையேட்டாலா, அவளுடைய உழைப்பாலா என்பது ஆண்டு முடிந்த பின்னரும் தெரியாது. எனவே, பெற்றோர் புறத்தோற்றத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். தடிமன், பளபளக்கும் தாள், பின்னட்டையில் சாதனை மாணவர்களின் படங்கள் ஆகியவையே தரத்துக்குச் சான்றாகிவிடுகின்றன.

விவரம் அறிந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்க இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், 1960-களில் கலிஃபோர்னியா மாநிலத்தின் பாடநூல் தேர்வுக் குழுவில் இடம்பெற்றிருந்தார். வந்து குவிந்த புத்தகங்களை எல்லாம் வரிவரியாகப் படித்தார். ஒரு வரிசையின் மூன்றாம் புத்தகம் மட்டும் அவர் கைக்கு வந்து சேரவில்லை. விசாரித்தபோது, அந்நூல் குறித்த காலத்தில் தயாராகாததால், அட்டைகளுக்கு நடுவே வெற்றுத் தாள்களை வைத்துப் பதிப்பகம் அனுப்பியிருந்தது தெரியவந்தது. அந்த வெற்றுத்தாள் புத்தகத்துக்கும் குழு உறுப்பினர்கள் சிலர் மதிப்பெண் வழங்கியிருந்தனர்! இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே பதிவு செய்திருக்கிறார். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதைப் படித்திருப்பார் என்ற நம்பிக்கை, எல்லா நாடுகளிலும் ஆட்டம் காணக்கூடியதே.

இந்த ஆபத்தை உணர்ந்தோ என்னவோ, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) தன் இணைப்பு விதிகளில் ஓர் அருமையான நிபந்தனையை வைத்திருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் பரிந்துரைக்கப்பட்ட நூல்களின் பட்டியலைப் பள்ளி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்நூல்களின் உள்ளடக்கத்தைத் தாங்கள் படித்துப் பார்த்ததாகவும், அதற்குத் தாங்களே பொறுப்பு என்றும் தாளாளரும் முதல்வரும் கையொப்பமிட்டு உறுதிமொழி அளிக்க வேண்டும். இப்படி ஒரு விதி இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. பள்ளி கொடுக்கும் புத்தகக் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டு வரும் பெற்றோர், அந்த உறுதிமொழியை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். கேட்பவர் ஒருவர் இருந்தால்தான் விதிக்கு உயிர் இருக்கும்.

தமிழகத்தின் நிலை சற்று வேறு. பாடநூல்களை அச்சிட்டு வழங்குவதற்காக 1970-இல் தமிழ்நாடு பாடநூல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2011-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து சமச்சீர் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்றானது. பின்னர் பாடத்திட்டம் முழுமையாக மாற்றப்பட்டு, 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளில் தொடங்கிப் புதிய பாடநூல்கள் வந்தன. இணையத்தில் அவற்றை எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக் கொள்ளலாம். 'மாநிலப் பாடநூல் என்றால் மட்டம், மத்தியப் பாடநூல் என்றால் உயர்வு' என்று படித்தவர்களே பேசுவதால், இந்நூல்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்பேன்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் (என்.சி.இ.ஆர்.டி.) பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் முன்பு 16 பாடங்கள் இருந்தன. 2023-இல் வெளிவந்த பதிப்பில் அவை 13 ஆயின. அப்போது தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணை குறித்த பாடமும், பரிணாமம் குறித்த பகுதியும் நீக்கப்பட்டன. மேல்நிலையில் அறிவியல் பிரிவை எடுப்பவர்கள் அவற்றைப் பின்னர் படிப்பார்கள் என்பது உண்மைதான். வணிகவியலோ வரலாறோ எடுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தமிழகத்தின் பத்தாம் வகுப்பு நூலில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. எனவே, பாடத்திட்டத்தின் பெயரை மட்டும் வைத்து ஒரு நூலை உயர்த்துவதும் தாழ்த்துவதும் சரியல்ல. பாடந்தோறும் பார்க்க வேண்டும்.

அதே நேரத்தில், நம் பாடநூலின் குறையையும் சொல்லியாக வேண்டும். தமிழகத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இருப்பவை 23 பாடங்கள். அணுக்கரு இயற்பியலில் தொடங்கி உயிரித் தொழில்நுட்பம் வரை ஒரே ஆண்டில் கடந்தாக வேண்டும். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-இல் அளித்த அறிக்கை, புத்தகப் பையின் எடையைவிடப் புரியாமையின் சுமையே குழந்தைகளை அதிகம் வாட்டுகிறது என்று எச்சரித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அச்சுமை இறங்கவில்லை. செறிவான பாடநூலை விளக்கிச் சொல்ல வகுப்பில் நேரம் இல்லாதபோது, வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாதபோது, 'இதை மட்டும் படித்தால் போதும்' என்று வழிகாட்டும் கையேடு, முதல் தலைமுறை மாணவிக்கு ஒரு கைத்தடியாகிறது. கையேட்டைப் பழிப்பவர்கள் இந்த நியாயத்தையும் காண வேண்டும்.

ஆனால், உண்மையான காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பதை இறுதியில் தீர்மானிப்பது பள்ளியும் இல்லை, பெற்றோரும் இல்லை; வினாத்தாள்தான். பாடத்தின் இறுதியில் உள்ள வினாக்களே பெரும்பாலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் என்றால், அவற்றுக்கான விடைகளை மட்டும் தொகுத்துத் தரும் கையேடே சிறந்த முதலீடு. துணி தேய்க்கும் அந்தத் தொழிலாளி எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலாமலே இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார். என் புதிருக்கு விடை அதுவே.

தேர்வுக்கும் புத்தகத்துக்கும் உள்ள இந்த உறவைத் தமிழகம் கண்கூடாகக் கண்டிருக்கிறது. பிளஸ் 1 வகுப்பில் பொதுத்தேர்வு இல்லாத காலத்தில், பல தனியார் பள்ளிகள் அவ்வகுப்பின் நூல்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் 2 பாடங்களையே நடத்தின. அதைத் தடுப்பதற்காக 2017-18-இல் பிளஸ் 1-க்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. இப்போது மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் அத்தேர்வு கைவிடப்பட்டுள்ளது. மாணவர்களின் மன அழுத்தம் குறையும் என்ற வகையில் இது வரவேற்கத்தக்கதே. எனினும், பிளஸ் 1 பாடநூல் மீண்டும் திறக்கப்படாத நூலாகிவிடும் ஆபத்தும் உடன் வருகிறது. நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்களைக் கேட்கின்றன. விசையும் இயக்கமும், வேதிப் பிணைப்பும் பிளஸ் 1 நூலில்தான் உள்ளன. அடித்தளம் இல்லாத மாணவருக்குப் பின்னர் பயிற்சி மையத்தைத் தவிர வேறு வழி இருக்காது. வசதி இல்லாதவருக்கு அந்த வழியும் இல்லை.

மாற்று வழி இல்லாமலில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. விஞ்ஞானிகளும் கல்லூரி ஆசிரியர்களும் கிராமப்புற ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கிய 'பால் வைக்ஞானிக்' நூல்கள், விடைகளைத் தருவதற்கு மாறாக, எளிய பொருள்களைக் கொண்டு செய்து பார்த்து விடை காணச் சொல்லின. அதைவிட முக்கியமானது, தேர்விலும் மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்பது. புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்றாகிவிட்டால், மனப்பாடத்துக்கு உதவும் கையேட்டுக்கு வேலை ஏது? முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002-இல் அம்மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆனால், அது கற்பித்த பாடம் நிலைத்திருக்கிறது: பாடநூலை மட்டும் மாற்றினால் போதாது, தேர்வையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

தேர்வு முறை மாறும் வரை பெற்றோர் என்ன செய்வது? செலவுக்கு ஒரு வரிசை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் யோசனை. முதலிடம் பாடநூலுக்கு. புரியாத இடம் வந்தால், கையேட்டைத் தேடுவதற்கு முன் அதே பாடத்தின் கீழ்வகுப்பு நூலை எடுத்துப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் திணறும் பிள்ளைக்கு, எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ விட்டுப்போன ஒரு படிதான் பெரும்பாலும் தடையாக இருக்கும். நுழைவுத் தேர்வு எழுத விரும்புவோர், மாநிலப் பாடநூலுடன் என்.சி.இ.ஆர்.டி.யின் மேல்நிலை வகுப்பு நூல்களையும், அது வெளியிடும் மாதிரிக் கணக்குத் தொகுப்புகளையும் சேர்த்துப் படிக்கலாம். அவையும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றையெல்லாம் பயன்படுத்திய பிறகும் தேவை இருந்தால் கையேடு வாங்கலாம்; ஒன்றே போதும்.

வாங்குவதற்கு முன், கடையில் நின்றபடியே சில சோதனைகளைச் செய்து பார்க்கலாம். பிள்ளைக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை அந்நூலில் படிக்கச் சொல்லுங்கள். தெரிந்ததையே அது குழப்பினால், தெரியாததை எப்படி விளக்கும்? அடுத்து, 'ஏன்' என்ற கேள்விக்கு அது விடை சொல்கிறதா, பெயரைச் சொல்லி நகர்ந்துவிடுகிறதா என்று பாருங்கள். 'பொம்மை எதனால் ஓடுகிறது? ஆற்றலால் ஓடுகிறது' என்பது போன்ற விளக்கங்களை ஃபைன்மன் கடுமையாகச் சாடினார். சுருள்வில்லை முறுக்கியது யார், அது விரியும்போது சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று சொன்னால்தான் அது அறிவியல். வினாவுக்கு நேர்க் கீழே விடை இருக்கும் நூல் சிந்திக்க இடம் தராது. விடைகள் தனியே கடைசியில் இருப்பது நல்லது. இறுதியாக, பதிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும். என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் ஆறாம் வகுப்புக்கும், 2025-இல் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் முற்றிலும் புதிய அறிவியல் நூல்களை வெளியிட்டிருக்கிறது. பழைய பாடத்திட்டத்துக்கான கையேடு தள்ளுபடி விலையில் கிடைத்தாலும் வீண் செலவே.

காணொலிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். தமிழகப் பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால், பாடம் தொடர்பான காணொலிகளைப் பார்க்க முடியும். பெரும் கட்டணச் செயலிகளை நாடுவதற்கு முன் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். காணொலியை நடுவில் நிறுத்தி, 'அடுத்து என்ன நடக்கும்?' என்று பிள்ளையைக் கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் அது கற்றல், இல்லையேல் வேடிக்கை. பாடத்துக்கு வெளியே வாசிக்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' போன்ற இதழ்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஒரு குவி வில்லை, ஒரு காந்தம், சிறிது மின்கம்பி, ஒரு மின்கலம் ஆகியவற்றை வாங்கும் செலவு ஒரு கையேட்டின் விலையைத் தாண்டாது. இவையும் கற்றல் கருவிகளே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் தாங்களே சோதனை செய்து பார்ப்பதற்காக 2022-இல் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. அந்த நல்ல முயற்சி, பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளின் வாசலில் நின்றுவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண்கள் இருக்கின்றன. தேர்வுக்கு முந்தைய சில வாரங்களில் அவசரமாகச் செய்து முடிக்கும் சடங்காக அது பல பள்ளிகளில் சுருங்கிவிட்டது. பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து விளக்கத்தைக் கூட்ட வேண்டும். எந்தக் கூடுதல் நூலைப் பள்ளி பரிந்துரைத்தாலும், அதைப் படித்துப் பார்த்தவர் யார், ஏன் பரிந்துரைத்தார் என்று எழுத்தில் தெரிவிப்பதை எல்லா வகைப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கலாம். பிளஸ் 1 பாடங்கள் முறையாக நடத்தப்படுகின்றனவா என்பதைக் கல்வி அதிகாரிகள் ஆண்டு நடுவிலேயே ஆய்வு செய்ய வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக, வினாத்தாளின் போக்கு மாற வேண்டும். 'ஸ்நெல் விதியைக் கூறுக' என்று கேட்பதற்குப் பதிலாக, 'கிண்ணத்தின் அடியில் மறைந்திருந்த நாணயம், தண்ணீர் ஊற்றியதும் தெரிந்தது ஏன்? தண்ணீருக்குப் பதில் அதே அளவு தேங்காய் எண்ணெய் ஊற்றினால் என்ன மாற்றம் இருக்கும்?' என்று கேட்டுப் பார்க்கலாம். எல்லா வினாக்களும் அப்படி இருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் நான்கில் ஒரு பங்கு போதும். மனப்பாடம் செய்தவருக்குத் தேர்ச்சியும், புரிந்து படித்தவருக்குச் சிறப்பும் கிடைக்கும். பாடநூலைத் திறந்தால் பலன் உண்டு என்று தெரிந்துவிட்டால், மாணவர்கள் தாமாகவே அதைத் திறப்பார்கள். எந்தப் பிரசாரமும் தேவைப்படாது.

"இது பரீட்சையில் வருமா?" என்று அந்தச் சிறுமி கேட்டபோது, "வராது" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, "வரும்" என்று சொல்லவும் நேர்மை இடம் கொடுக்கவில்லை. "இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள், அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். தன் வருமானத்தில் மிச்சம் பிடித்து மகளின் படிப்புக்குச் செலவிடும் தந்தைக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆர்வமுள்ள மகளுக்கும் இந்த மழுப்பலான பதில் போதாது. "வரும், பாடநூலைத் திறந்து படி" என்று அடுத்த ஆண்டாவது ஆசிரியர்கள் உறுதியாகச் சொல்லும் நிலையைக் கல்வித் துறை உருவாக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).